கையை மாற்றினேன், கண்ணை மாற்றவில்லை

எங்கள் ஷெட்டில் என்னைத் தவிர உப்பு பொறுக்குகிற பெண்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் தனித்தனியாக வந்து "கண்ணுக்கு என்னாக்கா ஆச்சு?" என்று கேட்டு, ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதுவும் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு சங்கதியை மட்டும் விழுங்கிவிடுகிறேன். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதனால் மகள் பவித்ராவின் பழைய ரஃப் நோட்டில் எழுதுகிறேன். அரைமணி நேரத்துக்கு மேல் எழுதினால் எங்கள் வீட்டுக்காரர் நோட்டைப் பிடுங்கிவிடுவார். எனக்கும் ஒரே இடத்தில் உட்காரத் தெரியாது. அங்கங்கே தாவியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரக்காணம் உப்பளத்திலிருந்து வரும் உப்பு எங்கள் ஷெட்டில் கழுவிக் காய்ந்து, பாக்கெட்டுக்குப் போவதற்கு முன் நீளமான மேஜையில் விரியும். அதில் கருப்பு பொறுக்குவது எங்கள் வேலை. மண்ணோ, குச்சியோ, சிப்பி உடைசலோ, எதுவானாலும் எங்களுக்குக் ‘கருப்பு’தான். பதினோரு வருடமாகப் பொறுக்குகிறேன். தேவகி மேஜையில் கருப்பு தப்பாது என்று மேஸ்திரியே சொல்வார்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு கருப்பை எடுக்க விரலைக் கொண்டுபோனேன், நகர்ந்துவிட்டது. எறும்பாக இருக்கும் என்று மறுபடியும் போனேன். மறுபடியும் ஓடியது. துரத்தத் துரத்த மேஜையின் ஓரம் வரைக்கும் போய், உப்பை விட்டு இறங்கி, சிமெண்டுத் தரையிலும் ஓடியது.

எதிரே நின்ற மேரிக்கு ஒரே சிரிப்பு. "இன்னாக்கா, உப்புல கோலம் போடுற?"

"கருப்பு ஓடுதுடி."

"வெயில்ல மண்ட காஞ்சி போச்சு உனக்கு. போய் மோர் குடிச்சிட்டு வா."

குடித்தேன். மோரிலும் மிதந்தது.

எங்கள் பக்கம் கண்ணுக்கு என்ன வந்தாலும் உப்பு வெளிச்சத்தின் மேல் பழி போட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் நான்கு நாள் ஓட்டினேன். அதற்குள் வலது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் உள்ளுக்குள் குத்தியது. ஒரு கருப்பு பத்தாகி, பத்து நூலாம்படையாகி, அதன் பின்னால் எல்லாம் மங்கலானது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் எனக்கு இருப்பதே அந்த ஒரு கண்தான்.

நான் விழுங்கிய சங்கதி இதுதான். என் இடது கண்ணில் நடுப்பார்வை கிடையாது. சின்ன வயதிலிருந்தே இல்லை. ஓரம் தெரியும், நடுவில் பார்த்தால் ஒரு சாம்பல் திட்டு. வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். மாறுகண்ணும் இல்லை, பூவும் விழவில்லை. எட்டு வயதில் ஒரு நாள் ஒரு கண்ணை மூடி விளையாடியபோது கண்டுபிடித்து, பிரம்மதேசத்தில் எங்கள் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "யார்கிட்டயும் சொல்லாத. பொம்பள புள்ளைக்குக் கண்ணுல கோளாறுன்னா எவன் வருவான்?"

சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனைக்கு வந்தார்கள். இடது கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு எழுத்தெல்லாம் படித்தேன். "இப்ப மாத்து" என்றார்கள். மாற்றினேன். கையை மாற்றினேன், கண்ணை மாற்றவில்லை. வலது கையைக் கொண்டுவந்து அதே இடது கண்ணை மூடி, அதே எழுத்தை மறுபடியும் படித்தேன். அவர்கள் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னை யார் பார்த்தது? இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். பரீட்சையில்கூடக் காப்பி அடிக்காதவள் நான். இந்த ஒரு திருட்டை மட்டும் முப்பது வருடம் கூசாமல் செய்தேன். ஷெட்டில் வருடா வருடம் வைக்கிற கண் முகாமிலும் இதேதான். எங்கள் வீட்டுக்காரர் குமரேசனுக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பதினேழு வருடம்.

ஐந்தாம் நாள் அவர் உப்பு வாரப் போகாமல் லீவு போட்டு என்னைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனார். பெருமுக்கல் மலை வந்தபோது அவருக்குத் தெரியாமல் இடது கண்ணை மூடிப் பார்த்தேன். மலை இருந்தது, மேலே இருக்கிற கோயில் தெரியவில்லை. மூடினேன், திறந்தேன், மூடினேன். "கண்ணுல என்னா, தூசியா?" என்றார். ஆமாம் என்றேன்.

அங்கே ஒரு சின்ன கிளினிக். சரியான கூட்டம். அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் பின்னாலேயே நிற்கிறார். என் கை தானாகவே பழைய வேலையைச் செய்தது. இந்தத் தடவை நல்ல கண்ணே மங்கல் என்பதால், இரண்டு கண்ணும் ஒரே அளவுக்கு மங்கல் என்று சீட்டில் ஏறியது. டாக்டர் கேட்டார், "ரெண்டுமே இப்பதான் மங்கலாச்சா?"

"ஆமாங்க" என்றேன்.

கண்ணின் உள்ளே இரண்டு பக்கமும் வீக்கம் போலிருக்கிறது, சொட்டு விட்டு விரித்துப் பார்க்க அடுத்த வாரம் வாருங்கள், அதற்குள் மோசமானால் பாண்டிச்சேரிக்குப் போய்விடுங்கள் என்று சொல்லி, வீக்கம் வடிய ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் சொன்ன பொய்க்குத்தான் அவர் மருந்து கொடுத்தார்.

இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. அடடா என்று சந்தோஷப்பட்டு மாவுகூட அரைத்தேன். நான்காம் நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது பவித்ரா எதிரே வந்து நின்றாள். பாவாடை தெரிந்தது, சடை தெரிந்தது, முகம் இல்லை. பால் கொட்டின மாதிரி ஒரு வெள்ளை.

"அம்மா, தோசை கருகுது பாரு."

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பதினான்கு வயது பெண்ணின் முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

அன்றைக்கே அவரோடு ஏறிய பாண்டிச்சேரி பஸ்ஸில் எந்த ஊர் போகிறது என்றுகூடத் தெரியவில்லை. கண்டக்டர் "பெரிய முதலியார்சாவடி, இறங்கு இறங்கு" என்று கத்தியபோதுதான் டவுன் நெருங்கிவிட்டது என்று புரிந்தது. கண்ணாஸ்பத்திரியில் கண்ணை விரிக்கிற சொட்டு போட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். வரிசையாக எல்லோரும் சாமியார்கள் மாதிரி கண் மூடி உட்கார்ந்திருந்தார்கள். என்னால் முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், திரும்பி வந்து என் நாற்காலி என்று நினைத்து ஒரு பெரியவர் மடியில் உட்காரப் போனேன். "இது என் மடிம்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலேயே. எங்கள் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்துப் பிடியை விடவேயில்லை. எனக்கு அவர் கை சுட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வரப்போகிறது.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். என்னைப் படுக்கவைத்து, தலையில் மாட்டிய விளக்கோடு குனிந்தார். மேலே பாருங்க, கீழே பாருங்க, மூக்கைப் பாருங்க. வலது கண்ணை நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது கண்ணுக்குப் போனார்.

"இடது கண்ணு எத்தன வருஷமா தெரியலம்மா?"

எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர் பதில் சொன்னார். "இல்லீங்க மேடம், இடது கண்ணு நல்லா தெரியும். ஷெட்டுல வருஷா வருஷம் டெஸ்ட் பண்றாங்க."

டாக்டரம்மா என்னை எழுப்பி உட்காரவைத்தார். நான் கையைத் தூக்கினேன். "நீங்க இல்ல, நான் மூடுறேன்" என்று தன் உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினார். "எத்தன விரல்?"

அந்தச் சாம்பல் திட்டுக்குள் எத்தனை விரல் இருந்ததோ. "தெரியல" என்றேன். "சின்ன வயசுலேர்ந்தே தெரியாது." பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

டாக்டரம்மா திட்டத்தான் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் சொன்னது வேறு. "இத முன்னாடியே சொல்லியிருந்தா நாலு நாள் மிச்சமாயிருக்கும். ஆனா இந்த இடது கண்ணுதான் இப்ப நமக்கு வழி காட்டுது. உள்ள பழைய தழும்பு ஒண்ணு இருக்குது. சுத்தி கருப்பு கரை. அத பாத்ததும் வலது கண்ணுல யாரு பூந்திருக்கான்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. ரத்தத்துலயும் பாத்து உறுதி பண்ணிக்கலாம்."

அது ஒரு ஒட்டுண்ணி. டாக்ஸோபிளாஸ்மா என்று பெயர். எனக்கு வாயில் நுழையாததால் டாக்ஸோ என்றே வைத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. பூனைக் கழிவு கலந்த மண், தண்ணீர், சரியாக வேகாத கறி, இப்படி எது வழியாகவும் உடம்புக்குள் வரலாம். தாய்க்குக் கர்ப்ப காலத்தில் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகலாம். எனக்கு எப்படி வந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, பிறக்கும்போதே இருந்திருக்கலாம் என்றார். வந்தவர்களில் பலருக்கு ஒன்றும் ஆகாதாம். சிலருக்கு அது விழித்திரையில் போய்ப் படுத்துக்கொண்டு, என்றைக்கோ ஒரு நாள் எழுந்திருக்குமாம்.

விழித்திரை என்பது கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கிற மெல்லிய தோல். நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்கள் அதில் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிப் பிடித்துச் சோறு தண்ணீர் கொடுக்கிற துணைச் செல்களும் இருக்கின்றன. டாக்ஸோ இந்தச் செல்லுக்குள்ளேயே நுழைந்து குட்டி போட்டு, செல்லை வெடித்துக்கொண்டு வெளியே வந்து, பக்கத்துச் செல்லில் நுழையும். செல்கள் சும்மா இருப்பதில்லை. ஆபத்து என்று இரசாயனத்தால் கூப்பாடு போடும். அதைக் கேட்டு ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் ஓடி வரும். அங்கே நடக்கிற அடிதடியில் அந்த அணுக்கள் கண்ணுக்குள் இருக்கிற கூழில் சிதறி மிதக்கும்.

"நீங்க உப்புல துரத்துனீங்களே கருப்பு, அது கிருமி இல்ல. உங்க கண்ணோட ஆளுங்க. அவங்களோட நிழல்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது."

"அப்ப அந்த மாத்திரை சாப்பிட்டதும் நல்லா ஆச்சே மேடம்?"

"ஸ்டீராய்டு அவங்களத்தான் அடக்குச்சு. சண்ட நின்னதும் உங்களுக்கு நல்லாயிட்ட மாதிரி இருந்துச்சு. டாக்ஸோவுக்கு யாரும் இல்லாத வீடு கெடச்சுது."

முதலில் கிருமியைக் கொல்கிற சல்ஃபா மாத்திரை, அதன் காவலில் பிறகுதான் ஸ்டீராய்டு, அதுதான் முறையாம். வலது கண்ணில் டாக்ஸோ போட்ட புண் நடுப்பார்வைக்கு ஒரு நூல் தள்ளி இருக்கிறது. நடுவைத் தொட்டுவிட்டால் வலது கண்ணும் இடது கண் மாதிரி ஆகிவிடும். உடனே சேருங்கள், கண்ணுக்குள்ளேயே ஒரு ஊசி போட வேண்டும் என்றார்.

கண்ணுக்குள் ஊசி! எங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

ஊசி நினைத்த அளவுக்கு இல்லை. மரத்துப்போக மருந்து விட்டு, இமையைக் கவ்விப் பிடித்து, ஒரு அழுத்தம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் கொடுமை. வார்டில் என் கட்டிலிலிருந்து வாசல் வரை பதினெட்டு அடி, ஜன்னல் வரை ஒன்பது. எத்தனை தடவை நடந்தேன் என்று கேட்காதீர்கள். பக்கத்துக் கட்டில் அம்மா "உன்ன பாத்து எனக்கு மயக்கமா வருது, செத்த உக்காரும்மா" என்று கெஞ்சினாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரை வைத்து ஒரு நாளைக்கு நூறு தடவை கண்ணைச் சோதித்தேன். தேதி தெரிகிறதா, இல்லை. கிழமை தெரிகிறதா, இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் காலையும் மாலையும் மரக்காணத்திலிருந்து வந்தார். இட்லி கொண்டுவந்தார். சட்னியில் உப்பு இல்லை, உப்பளத்து ஆள் வீட்டில்! சல்ஃபாவுக்கு நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும் என்று இரண்டு பாட்டில் பிடித்து வைத்தார். மாத்திரையை உறையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பேச்சு மட்டும் இல்லை. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, திட்டறதா இருந்தா திட்டிடுங்க. இப்படி ஊமையாட்டம் இட்லி குடுத்தீங்கன்னா எறங்க மாட்டேங்குது."

அவர் டிபன் பாக்ஸை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார்.

"கண்ணு தெரியலன்னு எனக்குக் கோவம் இல்ல தேவகி. ஒனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக் குடுத்தது யாரு? நான். பவித்ராவ பின்னால உக்கார வெச்சி ஈசிஆர்ல அனுப்பினது யாரு? நான். எத்தன லாரி போற ரோடு அது. எனக்குத் தெரியாம என் புள்ளைய ஒத்தக் கண்ண நம்பி அனுப்பியிருக்கேன். அதான் தூக்கம் வரல."

நான் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்று சொல்ல வாயெடுத்து, வெட்கமாகி விழுங்கிவிட்டேன். "இனிமே ஓட்ட மாட்டேன்" என்றேன். "ஓட்டுவியா ஓட்ட மாட்டியான்றத டாக்டர் சொல்லட்டும். என்கிட்ட பொய் சொல்லாத, அது போதும்" என்றார். பிறகு அந்த உப்பில்லாத சட்னியை நாங்கள் இரண்டு பேருமே சாப்பிட்டோம்.

அன்று சாயந்திரம் எங்கள் அம்மா வந்தாள். வரும்போதே மருமகனைப் பார்த்து நடுங்கிக்கொண்டு வந்தாள். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"என் வயித்துலயே ஒனக்கு இந்தப் பூச்சியக் குடுத்துட்டேனாடி?"

"அப்படி உறுதியா சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்கம்மா. அப்படியே இருந்தாலும் ஒனக்கென்ன தெரியும்?"

"அது தெரியாது. வாயப் பொத்தினது தெரியுமே" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அவள் மேல் முப்பது வருடமாக ஒரு மூலையில் கோபம் இருந்திருக்கிறது. அவள் அழுததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுக்காரர்தான் "அத்த, மொதல்ல காப்பி குடிங்க" என்று டம்ளரை நீட்டினார்.

ஏழாம் நாள் காலண்டரில் கிழமை தெரிந்தது. ஒன்பதாம் நாள் தேதி. கத்திவிட்டேன். நர்ஸ் ஓடி வந்தாள், பக்கத்துக் கட்டில் அம்மா கும்பிட்டாள். காப்பீட்டு அட்டை இருந்ததால் பில்லைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. சாமிக்கு நன்றி.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா கம்ப்யூட்டரில் என் இரண்டு விழித்திரையையும் காட்டினார். வலது பக்கம் புண் ஆறத் தொடங்கியிருந்தது. இடது பக்கம் வெள்ளைத் தழும்பு, சுற்றிலும் கருப்புக் கரை. விழித்திரைக்கு அடியில் நிறமிச் செல்கள் என்று ஒரு வரிசை இருக்கிறதாம். புண் வந்த இடத்தில் அவை பெருகி, நகர்ந்துபோய், ஓரத்தில் ஒன்றுகூடி நிற்குமாம். அதுதான் அந்தக் கருப்பு.

எங்கள் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "வரப்பு கட்டியிருக்குது" என்றார். உப்புப் பாத்தியில் தண்ணீர் ஒழுகினால் இவர் செய்கிற வேலைதான் அது. "அப்ப இனிமே ஒடையாது இல்லீங்களா?"

"அப்படி சொல்ல முடியாதுங்க. அது சாகல, தூங்குது. வரப்போரமாவே மறுபடி எழுந்திருக்கலாம், எழுந்திருக்காமலும் போகலாம். கருப்பு புதுசா தெரிஞ்சா அன்னிக்கே வரணும்."

வீட்டில் ஒட்டிக்கொள்ள ஒரு கட்டம் போட்ட தாள் கொடுத்தார்கள். தினமும் காலையில் அதைப் பார்க்க வேண்டும், கோடு வளைந்தாலோ கட்டம் காணாமல் போனாலோ ஓடி வர வேண்டும். மேலேயிருந்து உப்பளத்தைப் பார்த்த மாதிரியே இருக்கிறது, பாத்தி பாத்தியாக. பல் விளக்குவதற்கு முன் அதைத்தான் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார்கள். நான் ஆறு தடவை பார்க்கிறேன். நிம்மதி என்று ஒன்று எனக்கு இனிமேல் கிடையாது என்றே தோன்றுகிறது.

ஷெட்டில் சேர்ந்துவிட்டேன். கண்ணுக்குள் கூழில் இரண்டு மூன்று கருப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. நான் விரலை நீட்டினால் மேரி முந்திக்கொள்கிறாள்: "இரு அக்கா, இரு. இது உப்போட கருப்பா, ஒன்னோட கருப்பா?"

டிஸ்சார்ஜ் ஆகி ஆறு வாரம் கழித்து, போன மாதம் மறுபரிசோதனைக்குப் போனோம். பவித்ராவையும் அழைத்துப்போனோம். பழைய நோய் தாயிடமிருந்து அப்படிப் பிள்ளைக்குப் போவது அபூர்வம், ஆனாலும் பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அட்டையின் முன் அவளை உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், நான் அவள் கையைப் பார்த்தேன். இடது கையால் இடது கண். கடைசி வரி வரை படித்தாள். "மாத்தும்மா." வலது கை எழுந்தது, வலது கண்ணை மூடியது. மறுபடியும் கடைசி வரி. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்து நான். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தேன். சோதிக்கிற பெண் புதியவள், என் கதை தெரியாது. "சூப்பரும்மா. இப்ப அடுத்த கண்ணு" என்று அட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் வலது கை கிளம்பியது. பாழாய்ப்போன கை, நேராக இடது கண்ணுக்குத்தான் போனது. பாதி வழியில் நிறுத்தினேன். நிறுத்தி, திருப்பி, வலது கண்ணை நானே மூடினேன்.

"படிங்கம்மா."

"நடுவுல ஒண்ணும் தெரியலங்க."

அந்தப் பெண் திரும்பினாள். "ஒண்ணுமேவா?"

"ஓரம் தெரியுது. ஓரத்துல இவரு நிக்கிறாரு, கையில மாத்திரப் பையோட."

எங்கள் வீட்டுக்காரர் ஒரு எட்டு முன்னால் வந்தார். வெளியே பெஞ்சில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, நல்ல சத்தமாகச் சொன்னார்.

"எழுதிக்கோங்க மேடம். என் வீட்டுக்காரிக்கு இடது கண்ணு தெரியாது. சின்ன வயசுலேர்ந்தே."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.